வீட்டுக்கு நாமே பெயிண்ட் அடிக்கும்போது: கடையில் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

கடலூரில் பெயிண்டும் ஹார்டுவேரும் விற்கிற கடை எங்களுடையது. பொங்கலுக்கு முன்னால் ஒரு கூட்டம், பள்ளிக்கூடம் லீவு விட்டதும் ஒரு கூட்டம், வீட்டில் விசேஷம் வைத்தவர்கள் தனி. ஆள் மாறினாலும் கேள்வி மாறுவதில்லை, அதனால் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டேன். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகள் இருக்கின்றன. பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதைப் பிடித்துக்கொண்டு போவதால் மேலிருந்து படிப்பது நல்லது.

சார், நாமளே அடிச்சிடலாமா? ஆள் கூலி கேட்டா தலை சுத்துது.

அறைக்கு உள்ளே என்றால் தாராளமாக அடிக்கலாம். கூலி மிச்சமாகும், ஆனால் நாள் போகும். அதிலும் பெரும்பகுதி சுரண்டுவதிலும் தேய்ப்பதிலும் காய விட்டுச் சும்மா இருப்பதிலும் போகும், பிரஷ் பிடிக்கிற நேரம் கொஞ்சம்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்தப் பகுதியைத் தாண்டிக் குதித்து நேராக டப்பாவைத் திறந்தவர்கள்தான் அடுத்த வருடம் வந்து பெயிண்ட் கம்பெனியைத் திட்டுகிறார்கள்.

முதலிலேயே ஹாலில் கை வைக்காதீர்கள், உள் அறை ஒன்றில் கை பழகட்டும். வெளிச்சுவரில் தரையில் நின்றோ உறுதியான ஸ்டூலில் நின்றோ எட்டுகிற உயரம் வரை சரி. மாடி வெளிச்சுவர், சன்ஷேடுக்கு மேலே, ஈபி சர்வீஸ் வயர் போகிற பக்கம், இதெல்லாம் சாரம் கட்டத் தெரிந்தவர்கள் வேலை. வயருக்குப் பக்கத்தில் இரும்பு ஏணியைச் சாத்திக்கொண்டு ரோலர் கம்பியை நீட்டுகிற துணிச்சல் மட்டும் யாருக்கும் வேண்டாம்.

எந்த மாசத்துல அடிச்சா நல்லது?

நம் பக்கம் தை பாதிக்கு மேல் ஆரம்பித்துச் சித்திரை வரைக்கும். ஆனால் எல்லோரும் மார்கழியில்தான் வருகிறார்கள், பொங்கலுக்கு வீடு புதுசாக இருக்க வேண்டுமே! அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் நனைந்த வெளிச்சுவர் மார்கழியில் வெளியே காய்ந்த மாதிரி தெரிந்தாலும் உள்ளுக்குள் ஈரத்தை வைத்திருக்கும், போதாததற்குக் காலையில் பனி வேறு. உள் அறை காய்ந்திருந்தால் அடித்துக்கொள்ளுங்கள், வெளிச்சுவர் மாசி வரை பொறுக்கட்டும்.

கத்திரி வெயிலும் ஆகாது. சுடுகிற சுவரில் பெயிண்ட் வைத்த உடனே தண்ணீர் போய்விடும், ஒட்டிப் பிடிக்க நேரம் கிடைக்காது, பிரஷ் தடம் அப்படியே நிற்கும். அடித்தே ஆக வேண்டும் என்றால் நிழலின் பின்னால் போங்கள்: மேற்குச் சுவரைக் காலையில், கிழக்குச் சுவரை மதியத்துக்கு மேல். ஆடிக் காற்றில் வெளியே அடித்தால் தெருப் புழுதியும் சேர்ந்து ஒட்டும்.

ஒரு ரூமுக்கு எத்தனை லிட்டர் வாங்கணும்?

டேப் எடுத்து அளந்துவிட்டு வாருங்கள், "நடுத்தரமான ரூம்" என்று சொன்னால் யாராலும் கணக்குப் போட முடியாது. 10-க்கு 12 அடி அறை, உயரம் 10 அடி என்று வைத்துக்கொள்வோம். நாலு பக்கமும் கூட்டினால் 44 அடி, உயரத்தால் பெருக்கினால் 440 சதுர அடி. 3-க்கு 7 கதவு ஒன்றும் 4-க்கு 4 ஜன்னல் ஒன்றும் கழித்தால் 403. கூரை தனியாக 120.

பிரைமர் (பெயிண்டுக்கு முன்னால் அடிக்கிற அடிக்கோட்) அடித்த சமமான உள்சுவரில் எமல்ஷன் (தண்ணீர் கலந்து அடிக்கிற சுவர் பெயிண்ட்) ஒரு லிட்டர் இரண்டு கோட்டுக்கும் சேர்த்துச் சுமார் 100 முதல் 120 சதுர அடி வரும். ஆகச் சுவருக்கு 4 லிட்டர் டப்பா ஒன்று, கூரை வெள்ளைக்கு ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் மேல். வெளிச்சுவர் சொரசொரப்பாக இருப்பதால் அங்கே ஒரு லிட்டர் 50, 60 சதுர அடிக்கு மேல் இழுக்காது, இதுதான் பலருடைய கணக்கைக் கவிழ்க்கிறது. கலர் கலக்கிய டப்பாவைக் கடையில் திரும்ப எடுக்க மாட்டோம், அதனால் குறைவாக வாங்கி அப்புறம் ஒரு லிட்டர் சேர்ப்பதே மேல் என்று தோன்றும். அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது, கலர் கேள்வியில் சொல்கிறேன்.

டிஸ்டம்பர், எமல்ஷன், எனாமல்... எதை எங்க அடிக்கிறது?

சுவருக்கு எமல்ஷன். கதவு, ஜன்னல், கிரில்லுக்கு எனாமல். டிஸ்டம்பர் விலை குறைவு, ஆனால் ஈரத் துணியால் துடைத்தால் கையோடு வரும், வாடகைக்கு விடுகிற போர்ஷனுக்கு வாங்குவார்கள். ஒருமுறை டிஸ்டம்பர் அடித்த சுவரில் பிறகு எமல்ஷன் அடிக்க நினைத்தால் அதைச் சுரண்டி எடுக்கிற வேலை வரும், அதையும் விலையோடு சேர்த்துப் பாருங்கள்.

உள்ளுக்கான எமல்ஷனை வெளியே அடித்தால் வெயிலும் மழையும் அதைச் சீக்கிரம் வெளுக்க வைத்து மாவாக்கிவிடும். வெளிக்கானதை உள்ளே அடிக்கலாமா என்று மிச்சம் வைத்திருப்பவர்கள் கேட்பார்கள். அதில் பூஞ்சை பிடிக்காமல் இருக்க மருந்து கூடுதலாகச் சேர்ந்திருக்கும், படுக்கையறைக்கு வேண்டாம். எந்தக் கம்பெனி என்று கேட்டால் ஒன்று சொல்வேன்: பல டப்பாக்களில் பெயிண்டர்களுக்கென்று டோக்கன் போட்டிருப்பார்கள், பெயிண்டர் ஒரு கம்பெனியை அடித்துச் சொல்வதில் அதற்கும் பங்கு உண்டு. ஒரே விலையில் கிடைக்கிற நல்ல கம்பெனிகளுக்குள் நீங்கள் நினைக்கிற அளவு வித்தியாசம் கிடையாது, சுவரை எப்படித் தயார் செய்தீர்கள் என்பதில்தான் இருக்கிறது.

பழைய சுவர் நல்லாத்தான் இருக்கு. மேலேயே அடிச்சா என்ன ஆகும்?

உள்ளங்கையால் சுவரை அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். கையில் வெள்ளையாக மாவு ஒட்டினால் மேலே அடிக்கக் கூடாது, புது பெயிண்ட் சுவரைப் பிடிக்காமல் அந்த மாவைத்தான் பிடிக்கும். அப்புறம் நல்ல ஒட்டு டேப்பை அழுத்தி ஒட்டி வெடுக்கென்று இழுங்கள். பழைய பெயிண்ட் டேப்போடு வந்தால் சுரண்ட வேண்டும், வராவிட்டால் 220 நம்பர் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, தூசி துடைத்து, மேலேயே அடிக்கலாம். சமையலறை என்றால் எண்ணெய்ப் பிசுக்கைச் சோப்புத் தண்ணீரால் கழுவிக் காய விடுங்கள், பிசுக்கின் மேல் எந்த பெயிண்டும் நிற்காது.

வருடா வருடம் பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடித்த வீடுகளில்தான் பெரிய தொல்லை. இருபது முப்பது வருடத்துச் சுண்ணாம்பு அடுக்கடுக்காக இருக்கும். அதன் மேல் எமல்ஷன் அடித்தால் காயும்போது அது இழுக்கிற இழுப்பில் அடியில் இருக்கிற சுண்ணாம்பு விட்டுக்கொடுத்து, ஏடு ஏடாகக் கையகலத்துக்குப் பெயர்ந்து வரும். தண்ணீர் தெளித்து ஊற விட்டு, சுரண்டியால் சிமெண்ட் தெரிகிற வரை எடுத்து, கழுவி, காய விட வேண்டும். அலுப்பான வேலை, அழுக்கும் நிறைய, இதற்கு மட்டும் ஆள் வைத்துக்கொண்டாலும் தவறில்லை. அது முடியாது என்றால் மறுபடி சுண்ணாம்பே அடியுங்கள், சுண்ணாம்பு மேல் சுண்ணாம்பு நன்றாக நிற்கும், பழைய செங்கல் வீட்டுக்குக் குளிர்ச்சியும் கூட.

ஸ்விட்ச் போர்டு பக்கத்தில் தண்ணீர் தெளிக்கிற வேலை எதுவானாலும் மெயினை ஆஃப் செய்துவிட்டுத்தான்.

பட்டி கட்டாயம் பார்க்கணுமா?

கட்டாயமில்லை. பட்டி என்பது மேடு பள்ளத்தை நிரவி வழவழப்பாக்கத்தான், அது சுவரைப் பலப்படுத்தாது. ஏற்கெனவே பட்டி பார்த்து பெயிண்ட் அடித்த சுவர் என்றால் குழி விழுந்த இடம், ஆணி அடித்த ஓட்டை இவற்றை மட்டும் நிரவினால் போதும். புதிதாக முழுச்சுவருக்கும் பார்ப்பதென்றால் இரண்டு மெல்லிய கை, மொத்தம் ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. பள்ளம் பெரிதாக இருந்தால் பட்டியை அப்பி ஏமாற்றாதீர்கள், சிமெண்ட் பூச்சு வையுங்கள். தடித்த பட்டி பின்னால் வெடித்து விழும்.

இதில் இரண்டு வகை உண்டு. மூட்டையில் தூளாக வருவது வெள்ளை சிமெண்ட் பட்டி, உள்ளே வெளியே இரண்டுக்கும் ஆகும். டப்பாவில் பசை மாதிரி வருவது அக்ரிலிக் பட்டி, உள்ளுக்கு மட்டும். தூளை இட்லி மாவு பதத்துக்குக் கலக்கி மூன்று மணி நேரத்துக்குள் முடிக்கிற அளவே ஒரு தடவைக்குக் கரையுங்கள். இறுகிப் போனதில் மறுபடி தண்ணீர் ஊற்றி அடிப்பதை நிறையப் பேர் செய்கிறார்கள், அந்தப் பட்டி சுவரில் நிற்காது. மறுநாள் 400 நம்பர் தாளால் தேய்க்கும்போது முகத்தில் மாஸ்க் இருக்கட்டும். இருட்டிய பிறகு செல்போன் டார்ச்சைச் சுவரோடு ஒட்டினாற்போல் சாய்த்துப் பிடித்தால் எல்லா மேடும் நிழல் காட்டிக் கொடுத்துவிடும், அங்கங்கே பென்சிலால் வட்டம் போட்டு வைத்துக் காலையில் சரி செய்யலாம்.

பட்டிதான் பார்த்தாச்சே, பிரைமர் எதுக்கு? ரெண்டு செலவா?

பட்டி பார்த்ததால்தான் பிரைமர் வேண்டும். பட்டி பெயிண்டை உறிஞ்சும், அதுவும் ஒரே மாதிரி உறிஞ்சாது. பிரைமர் இல்லாமல் அடித்தால் விலை கூடிய எமல்ஷனை முதல் கோட் முழுக்கச் சுவர் குடித்துவிட்டு மூன்றாவது கோட் கேட்கும். மிச்சம் பிடித்த காசு அங்கே போய்விடும். தேய்த்த தூசியை நன்றாகத் துடைத்துவிட்டுப் பிரைமர் அடியுங்கள், தூசி மேல் அடித்த பிரைமரும் மேலே சொன்ன மாவு கதைதான்.

வரிசை பற்றிப் பெயிண்டர்களே சண்டை போடுவார்கள். சிமெண்ட் பட்டி என்றால் வெறும் பூச்சுச் சுவரைத் தண்ணீர் தெளித்து நனைத்து நேராகப் பட்டி, பிறகு பிரைமர். அக்ரிலிக் பட்டி என்றால் முதலில் ஒரு பிரைமர், பட்டி, மறுபடி பிரைமர்.

பிரைமருக்குப் பதிலா ஒயிட் சிமெண்ட் அடிக்கச் சொல்றாங்களே?

புதுச் சுவருக்கு, முக்கியமாக வெளியே, நம் ஊரில் ரொம்ப நாளாக இருக்கிற வழக்கம் அது. முறையாகச் செய்தால் ஒன்றும் கெட்டுப் போகாது. பெயரிலேயே சிமெண்ட் என்று இருக்கிறதே, அதற்குத் தண்ணீர் காட்ட வேண்டும். நனைத்த சுவரில் அடித்து, மறுநாள் முதல் இரண்டு மூன்று நாள் தண்ணீர் தெளித்தால்தான் இறுகும். வெயிலில் காய்ந்த சுவரில் அடித்துவிட்டு அப்படியே விட்டால் வெறும் மாவாக உதிரும், அதன் மேல் எமல்ஷன் போட்டால் ஒரு மழைக்குப் பிறகு தோல் தோலாக உரியும். தண்ணீர் தெளிக்க ஆள் இல்லாத வீட்டில் பிரைமரே நல்லது. சிமெண்ட் பட்டிக்கு இப்படித் தண்ணீர் காட்ட வேண்டியதில்லை, இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

பெயிண்ட்ல எவ்வளவு தண்ணி கலக்கலாம்?

டப்பாவில் எழுதியிருக்கிற அளவு, அதற்கு மேல் ஒரு டம்ளர் கூட வேண்டாம். ஒவ்வொரு பெயிண்டுக்கும் அளவு வேறு, போன தடவை ஊற்றிய கணக்கு இந்தத் தடவைக்கு ஆகாது. கண் அளவில் ஊற்றாமல் பழைய லிட்டர் டப்பா ஒன்றை அளவாக வைத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொரு கலவையும் ஒரே மாதிரி இருக்க வேண்டுமே. நல்ல தண்ணீராகவும் இருக்கட்டும், உப்பு போர் தண்ணீர் வேண்டாம். கலக்குமுன் அடி வரை கட்டையை விட்டு நன்றாகக் கிளறுங்கள். அடியில் தங்கியிருப்பதுதான் நீங்கள் காசு கொடுத்த சரக்கு.

வெள்ளை பளிச்சென்று வர நீலம் கலக்கலாமா என்று பெரியவர்கள் கேட்பார்கள். சுண்ணாம்பில் கலக்கலாம். எமல்ஷனில் வேண்டாம், திட்டுத் திட்டாக நிற்கும்.

நான் அடிச்ச சுவர் திட்டுத் திட்டா, ரோலர் தடம் எல்லாம் தெரியுது. பெயிண்டர் அடிச்சா தெரியலையே?

பெயிண்டர் ஒரு சுவரை ஆரம்பித்தால் நடுவில் டீ குடிக்கப் போக மாட்டார். போவதென்றால் மூலையில் முடித்துவிட்டுத்தான். அடித்த ஓரம் காய்வதற்குள் அடுத்த பட்டை அதன் மேல் கொஞ்சம் ஏற வேண்டும், காய்ந்த பிறகு ஏறினால் அந்த இடம் இரட்டைக் கோட்டாகித் தனியாகத் தெரியும். நீங்கள் பாதிச் சுவரில் போன் வந்தது என்று போயிருப்பீர்கள். ஓரங்களைப் பிரஷ்ஷால் இழுக்கிற வேலையையும் நாலு சுவருக்கும் மொத்தமாக முடித்துவிட்டு ரோலரை எடுக்காதீர்கள். ஒரு சுவர் ஓரம், உடனே அந்தச் சுவருக்கு ரோலர், பிறகு அடுத்தது.

இன்னொன்று மின்விசிறி. சீக்கிரம் காயட்டும் என்று முழு வேகத்தில் ஓட விட்டு அடிப்பார்கள், அதனாலும் ஓரம் சட்டென்று காய்ந்துவிடும். ஜன்னலைத் திறந்து வையுங்கள் போதும், அடித்து முடித்த பிறகு விசிறி போடலாம். ரோலரை உலர உலர அழுத்தித் தேய்க்கக் கூடாது, சத்தம் கிறீச்சென்று மாறினால் பெயிண்ட் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். முதல் கோட் பாதி காய்ந்திருக்கும்போது விட்டுப்போன இடத்தைத் திரும்பத் தொடாதீர்கள், இரண்டாவது கோட் பார்த்துக்கொள்ளும். இரண்டு கோட்டுக்கும் நடுவே நாலு மணி நேரம், மழைநாள் என்றால் மறுநாள்.

எதை முதல்ல அடிக்கணும்?

கூரை, சுவர், கதவு ஜன்னல், கடைசியாகத் தரையோரம். மாஸ்கிங் டேப் ஒட்டியிருந்தால் கடைசிக் கோட் முழுக்கக் காய்வதற்குள் உரியுங்கள், மறுநாள் உரித்தால் பெயிண்டையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வரும்.

கடையில பார்த்த கலர் வேற, சுவர்ல வந்தது வேற. ஏமாத்திட்டீங்களா?

இல்லை. அட்டையில் ஒரு அங்குலக் கட்டத்தில் பார்த்த கலர் நாலு சுவரிலும் வரும்போது ஒன்றோடு ஒன்று பட்டுத் தெறித்து அடர்த்தியாகத் தெரியும். இளம் மஞ்சள் என்று எடுத்தது மாம்பழக் கலராகக் கண்ணுக்குப் படும். அட்டையில் பிடித்ததற்கு ஒன்றிரண்டு படி வெளிர் எடுங்கள். கடை டியூப்லைட் வேறு, உங்கள் வீட்டு மஞ்சள் எல்இடி வேறு. சின்ன சாம்பிள் டப்பா கிடைத்தால் வாங்கி இரண்டு அடிக்கு இரண்டு அடி இரண்டு கோட் அடித்து, காய்ந்த பிறகு காலையிலும் பார்த்து இரவு விளக்கிலும் பார்த்து முடிவு செய்யுங்கள். ஈரத்தில் இருக்கிற கலரை வைத்து எனக்குப் போன் செய்யாதீர்கள், காய்ந்தால் மாறும்.

லிட்டர் கேள்வியில் சொன்ன சிக்கல் இதுதான்: மெஷினில் ஒரே நம்பரைப் போட்டுக் கலக்கினாலும் வேறு நாளில், வேறு பேட்ச் பேஸில் (கலர் சேர்க்குமுன் டப்பாவில் இருக்கிற பெயிண்டில்) கலக்கினால் நூல் அளவு வித்தியாசம் வரலாம். தனி அறைக்குத் தெரியாது, ஒரே சுவரின் நடுவில் டப்பா மாறினால் தெரியும். அதனால் ஒரு அறைக்கு உரிய எல்லா டப்பாவையும் பெரிய வாளியில் ஒன்றாகக் கொட்டிக் கலக்கிவிட்டு ஆரம்பியுங்கள். பற்றாமல் போனால் மூலை வரை முடித்துவிட்டு, புது டப்பாவை அடுத்த சுவரில் தொடங்குங்கள்.

கிரில்லுக்கு எனாமல் அடிச்சு ஆறு மாசத்துல துரு வந்திடுச்சு.

துரு மேலேயே அடித்திருப்பீர்கள். கம்பி பிரஷ்ஷாலும் 80 நம்பர் தாளாலும் துருவை எடுத்து, மண்ணெண்ணெய் இல்லாமல் டர்பன்டைன் தொட்ட துணியால் துடைத்து, அன்றைக்கே ரெட் ஆக்ஸைடு பிரைமர் அடிக்க வேண்டும். எங்கள் ஊர் மாதிரிக் கடற்கரை ஊரில் "நாளைக்கு அடிக்கலாம்" என்று விட்டால் ராத்திரியே செம்மண் நிறம் ஏறிவிடும். கம்பி சேருகிற முனைகளிலும் அடிப்பக்கத்திலும் பிரைமர் போயிருக்கிறதா என்று குனிந்து பாருங்கள், துரு அங்கேதான் ஆரம்பிக்கும். எனாமல் இரண்டு மெல்லிய கோட், நடுவில் ஒரு ராத்திரி. மொத்தமாக ஒரே கோட் அப்பினால் மேலே தோல் கட்டி உள்ளே பிசுபிசுப்பாகவே இருக்கும். கதவு ஜன்னலையும் நன்றாக இறுகும் முன் சாத்தினால் ஒட்டிக்கொள்ளும்.

பழைய கதவுல அஞ்சாறு கோட் பெயிண்ட் இருக்கு. மெஷின் வச்சுத் தேய்ச்சு எடுத்திடட்டுமா?

வேண்டாம். பழைய எனாமலில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். இந்தியாவில் வீட்டு பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2016-இல் வந்து 2017 நவம்பரிலிருந்துதான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னால் அடித்ததைத் தேய்த்துக் கிளம்பும் தூசி வீட்டுக்குள் தங்கி, தவழ்கிற குழந்தையின் கை வழியாக வாய்க்குப் போகும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியை ஈயம் பாதிக்கும்.

பெயிண்ட் கெட்டியாகப் பிடித்திருந்தால் எடுக்கவே வேண்டாம், தண்ணீர் தொட்ட எமரி தாளால் பளபளப்பு மட்டும் போகத் தேய்த்துவிட்டு மேலே அடியுங்கள். உரிந்திருக்கிற இடத்தை நனைத்துச் சுரண்டுங்கள், சூடு காட்டிப் பொசுக்கி எடுக்காதீர்கள். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் அன்றைக்கு வேறு வீட்டில் இருக்கட்டும். தூசியைக் கூட்டாமல் ஈரத் துணியால் துடைத்து எடுங்கள்.

சுவர்ல விரிசல் இருக்கு, பட்டி வச்சு மூடிட்டேன், மறுபடி வந்திடுச்சு.

தலைமுடி அளவு விரிசலுக்குப் பட்டி போதும். அதற்கு மேல் என்றால் சுரண்டியின் முனையால் விரிசலைக் கொஞ்சம் அகலமாகக் கீறி, தூசி எடுத்து, விரிசலுக்கென்று விற்கிற இழுவை உள்ள ஃபில்லரை அடைக்க வேண்டும். தூணும் செங்கல் சுவரும் சேருகிற இடத்தில் நேர்கோடாக வருகிற விரிசலில் வலை வைத்துப் பூசாமல் பெயிண்டால் ஒன்றும் செய்ய முடியாது. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகப் போய் வருடத்துக்கு வருடம் அகலமாகிற விரிசல், கூரையில் சிமெண்ட் உப்பி உள்ளே கம்பி துருப்பிடித்துத் தெரிவது, இவை இரண்டுக்கும் இன்ஜினியரைக் கூப்பிடுங்கள், எங்கள் கடைக்கு வர வேண்டாம்.

பீரோவுக்குப் பின்னால கருப்பா புள்ளி புள்ளியா இருக்கு. மேல அடிச்சா மறைஞ்சிடுமா?

மறைந்து, இரண்டு மாதத்தில் வெளியே வரும். அது பூஞ்சை, உயிரோடு இருக்கிறது. ப்ளீச்சிங் பவுடரைத் தண்ணீரில் கரைத்துத் தெளிந்ததைத் தடவிக் கொஞ்ச நேரம் விட்டுத் தேய்த்துக் கழுவி, முழுக்கக் காய விட்டு அப்புறம் அடியுங்கள். கையுறை போடுங்கள், ஜன்னல் திறந்திருக்கட்டும், பாத்ரூம் கழுவும் ஆசிட் எதையும் அதோடு சேர்க்கவே கூடாது, விஷ வாயு வரும். பீரோவைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள். அப்படியும் வந்தால் சுவரே ஈரமாக இருக்கிறது, அடுத்த கேள்விக்குப் போங்கள்.

கீழ ரெண்டு அடி மட்டும் வருஷா வருஷம் உரிஞ்சு, வெள்ளையா உப்பு பூக்குது. நல்ல பெயிண்டா ஒண்ணு சொல்லுங்க.

இதற்கு பெயிண்ட் கிடையாது. கடைக்காரனே சொல்கிறேன். அது ஓதம். நிலத்தடி ஈரம் செங்கல் வழியாக ஏறுகிறது, வரும்போது உப்பையும் கரைத்துக்கொண்டு வருகிறது, மேல்பரப்புக்கு வந்து தண்ணீர் காய்ந்ததும் உப்பு அங்கேயே படிகமாகி பெயிண்டையும் பட்டியையும் உள்ளிருந்து தள்ளிவிடுகிறது. எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் அந்தத் தள்ளலுக்கு முன்னால் நிற்காது.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பாருங்கள். சுவருக்கு அந்தப் பக்கம் பாத்ரூமா? மாடிக் குழாய் சுவரோடு இறங்குகிறதா? செடிக்குத் தினமும் தண்ணீர் விடுகிற பாத்தி சுவரை ஒட்டி இருக்கிறதா? நம் ஊர்களில் அதிகம் பார்ப்பது வேறொன்று: ரோட்டைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டு, தெரு உயர்ந்து, வீட்டுத் தரை பள்ளமாகி, மழைத் தண்ணீர் சுவரோரம் தேங்கும். தரைமட்டத்தில் ஓதம் தடுக்கும் பட்டை போடாமல் கட்டிய பழைய வீடு என்றால் கேட்கவே வேண்டாம். சந்தேகமாக இருந்தால் ஒரு அடிச் சதுர பாலிதீன் தாளை நாலு பக்கமும் டேப்பால் காற்றுப் புகாமல் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். தாளுக்கு உள்பக்கம், சுவரைப் பார்த்த பக்கம் முத்து முத்தாக நீர் கோத்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது.

வரும் வழியை அடைத்த பிறகு, ஈரக் கோட்டுக்கு ஒரு அடி மேல் வரை பூச்சைக் கொத்தி எடுத்து, செங்கல்லைச் சில மாதம், ஆம் மாதம், காய விட்டுப் புதுப் பூச்சு வைக்க வேண்டும். உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுங்கள், தண்ணீர் விட்டுக் கழுவினால் அது கரைந்து திரும்ப உள்ளே போகும். இதெல்லாம் இப்போது முடியாது என்றால் அந்த இரண்டு அடிக்கு எமல்ஷன் வேண்டாம். சுரண்டிவிட்டுச் சுண்ணாம்பு அடித்து வையுங்கள், ஈரம் மூச்சு விட்டுக்கொண்டு போகும், உதிர்ந்தாலும் வருடா வருடம் சின்னச் செலவில் அடித்துக்கொள்ளலாம்.

உள்பக்கமா வாட்டர்புரூஃப் அடிச்சா ஈரம் நின்னுடுமே?

தண்ணீர் வருகிற பக்கத்தில் அடித்தால் தடுக்கும், உள்பக்கம் அடித்தால் வழியை மாற்றும். போக வழி இல்லாத ஈரம் இன்னும் ஒரு அடி மேலே ஏறி அங்கே உரிக்கும், இரண்டு அடி மூன்று அடியாகும். டைல்ஸ் ஒட்டி மறைத்தவர்கள் வீட்டிலும் டைல்ஸுக்கு மேலே இதே கதை. மொட்டை மாடியிலிருந்து கசிகிறதென்றால் மாடியில் சரி செய்யுங்கள், கீழே கூரையில் அடிப்பது வீண்.

பூச்சு வேலை முடிஞ்சு பத்து நாள்தான் ஆச்சு, கிரகப்பிரவேசம் தேதி வச்சாச்சு. எப்படியாவது அடிச்சாகணும்.

புதுப் பூச்சுக்குக் குறைந்தது 28 நாள் வேண்டும். அதற்குள் உள்ளே ஈரமும் இருக்கும், சிமெண்டின் காரமும் தணிந்திருக்காது. கலர் வெளுத்துத் திட்டாகும், சில இடத்தில் கொப்புளிக்கும். ஆனால் ஐயர் குறித்த தேதியை மாற்றச் சொல்லி நான் யார்?

கதவு ஜன்னலை முடித்துவிடுங்கள், பார்க்க வீடு முடிந்த மாதிரி இருக்கும். சுவரை வெறும் பூச்சாகவே விட்டால் அதற்கு நிகர் இல்லை. மனசு கேட்காவிட்டால் ஹாலுக்கு மட்டும் சிமெண்ட் பிரைமர் ஒரு கோட், பிறகு அங்கங்கே சுரண்ட வேண்டி வரலாம் என்று தெரிந்தே அடியுங்கள். சுண்ணாம்பு மட்டும் வேண்டாம், பழைய சுவர் கேள்வியில் சொன்ன சுரண்டல் வேலை புது வீட்டிலேயே ஆரம்பித்துவிடும். எப்படியும் ஹோமப் புகை கூரையில் படியும், கட்டிலும் பீரோவும் ஏற்றும்போது சுவரில் நாலு கீறல் விழும், எல்லாம் முடிந்து ஒரு மாதம் கழித்துப் பட்டி, பிரைமர், எமல்ஷன் என்று போங்கள். ரெண்டு தடவை சாமான் நகர்த்த வேண்டுமே என்று அலுத்துக்கொள்கிறார்கள், அறை அறையாக அடித்தால் அவ்வளவு தெரியாது.

ஒரு இடத்துல மட்டும் கறை. மிச்சம் இருந்த அதே பெயிண்ட்டைத் தொட்டு வச்சேன், ஒட்டுப் போட்ட மாதிரி தெரியுது.

சுவரில் இருப்பது இரண்டு வருடத்து அழுக்கும் வெளுப்பும் பட்ட கலர், டப்பாவில் இருப்பது அன்றைக்கு இருந்த கலர், எப்படிச் சேரும்? அடித்து ஒன்றிரண்டு மாதத்துக்குள் என்றால், முதலில் அடித்த அதே ரோலரில், அதே அளவு தண்ணீரில் தொட்டால் மறையலாம். பிரஷ்ஷால் தொட்டால் தடம் வேறாகி ஒளி பட்டால் காட்டும். அதற்கு மேல் நாளாகியிருந்தால் மூலைக்கு மூலை அந்தச் சுவர் முழுக்க அடிப்பதைத் தவிர வழியில்லை, ஒரு சுவர்தானே.

மிச்ச பெயிண்ட்டைத் தண்ணீர் கலக்காமல் சின்ன டப்பாவுக்கு மாற்றி, காற்று இடைவெளி இல்லாமல் நிரப்பி, இறுக மூடி நிழலில் வையுங்கள். தண்ணீர் கலந்ததை வைத்தால் நாறிப்போகும், நாறியதைச் சுவரில் அடிக்காதீர்கள், சாக்கடையிலும் ஊற்றாதீர்கள். மணலிலோ பழைய பேப்பரிலோ கொட்டிக் காய வைத்துக் குப்பையில் போடுங்கள். மூடியில் ஷேடு நம்பர், பேஸ், எந்த அறை, எந்த வருடம் என்று மார்க்கரால் எழுதி ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். "அந்த இளம்பச்சை சார், போன தடவை வாங்கினேனே" என்று வந்து நின்றால் எங்களிடம் இளம்பச்சையே நூற்றுக்கு மேல் இருக்கிறது.